குதிரடியில் கிடந்த சப்பாத்து

இதை எழுத எனக்கு ஒன்பது வருடம் பிடித்தது. வருடத்துக்கு ஒரு கொப்பி வாங்குவேன். பிள்ளையார் சுழி போட்டு இரண்டு வரி எழுதுவேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பெற்றோல் ஷெட் வேலைக்குப் போய்விடுவேன். என்ன எழுதுகிறீர்கள் என்று மனைவி கேட்டால், பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்து வருகுதில்லை என்று சாட்டுச் சொல்வேன். எழுத்து வரத்தான் செய்தது. பயம் விடவில்லை.

இந்த வைகாசியில் லண்டனில் எங்கள் கோயிலில் அன்னதானத்துக்கு இருந்தபோது, எனக்குப் பக்கத்தில் மூன்று பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இல்ஃபோர்ட், மற்ற இருவரும் சவுத்தால். மூவரும் படிக்க வந்தவர்கள். விடுமுறைக்குக் கோதுமை அறுவடைக் குழு ஒன்றில் சேரப் பதிந்திருக்கிறார்களாம்.

"ட்ரக்டர் ஓடத் தெரிஞ்சாக் காணுமாம் அங்கிள். ஈஸியாம்" என்றார் ஒருவர்.

நான் சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அந்த மூவருக்கும், அவர்களுக்குப் பிறகு போகிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

நான் எட்மண்டனில் இருந்துகொண்டு பன்னிரண்டு சீசன் அந்த வேலைக்குப் போனேன். தெற்கே எசெக்ஸ் பக்கத்தில் கதிர் முதலில் முற்றும். அங்கே தொடங்கி, முற்றுகிற வரிசையில் வடக்கே போய்க்கொண்டே இருப்போம். அறுவடை இயந்திரம், இரண்டு ட்ரக்டர், அவற்றில் கொளுவித் தானியம் இழுக்கிற பெட்டிகள், படுக்க ஒரு காரவன். பத்து நாளுக்கு ஒருமுறை வேறொருவருடைய வயல், வேறொருவருடைய களஞ்சியம். இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்பதை அங்கே சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. ஒரு வெட்கக்கேட்டைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் ஃபோர்மன் ஒரு வெள்ளைக்காரர். பேச்சு மிகக் குறைவு. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நின்றுபோன எந்த இயந்திரத்தையும் திரும்ப இயக்குவதற்கு முன்னால், அந்த இடத்தில் வேலை செய்யும் அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் பதில் வரவேண்டும். "அவர் அங்கே இருக்கிறார், நான் பார்த்தேன்" என்று இன்னொருவர் சொன்னால் ஏற்க மாட்டார். தன் காதால் கேட்டால்தான் பொத்தானில் கை வைப்பார்.

ஒருநாள் கேம்பிரிட்ஜ் பக்கம் ஒரு வயலில் நின்றோம். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அறுவடை இயந்திரத்தின் வாயில் வைக்கோல் அடைத்துக்கொண்டது. அதை எடுத்துவிட்டோம். ஃபோர்மன் பெயர் கூப்பிட்டார். எங்களோடு வேலை செய்த போலந்துக்காரர் பதில் சொல்லவில்லை. ஃபோர்மன் இயந்திரத்தை இயக்கவில்லை. கால்மணி நேரம் அப்படியே நின்றது. மழை வந்து மிச்சக் கோதுமையை நனைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் போலந்துக்காரர் வேலிக்குப் பின்னாலிருந்து காற்சட்டையைப் பூட்டிக்கொண்டு வந்தார். வயல்காரர் வந்து வாயில் வந்ததெல்லாம் ஏசினார். ஃபோர்மன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

"இவர் ஃபோர்மனோ, இடாப்புக் கூப்பிடுற வாத்தியோ?" என்று என் காதுக்குள் கேட்டார் யோகன். "ஒண்டுக்குப் போனவனுக்காக ஒரு வயலையே நனைய விட்டிட்டாரே அண்ணை."

"வாயைப் பொத்திக்கொண்டு நில். உன்ர பேரும் இடாப்பிலதான் கிடக்கு" என்றேன்.

அன்றிலிருந்து ஃபோர்மன் தன்னைக் கூப்பிட்டால் யோகன் கையை உயர்த்தி, "வந்திட்டன் சேர்" என்பார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. ஃபோர்மனுக்குத் தமிழ் விளங்காது. பதில் வந்ததென்று தலையாட்டுவார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் இருக்கும். வளர்ந்த நாலு ஆம்பிளைகளை எண்ணிப் பார்க்கிற இந்த விளையாட்டு எதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

யோகன் யார் என்று சொல்லவேண்டும். இது அவருடைய உண்மையான பெயர் இல்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னோடு பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் செய்தவர், என்னைவிட எட்டு வயது இளையவர். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து அலுத்துப்போய், "என்னையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று என்னைக் கரைச்சல்படுத்தினார். எனது பதினோராவது சீசன், அவருடைய முதலாவது. கூட்டிப்போக இல்ஃபோர்ட்டில் அவர் வீட்டுக்குப் போனபோது, அவருடைய மனைவி வாசல்வரை வந்து சொன்னார்:

"அண்ணை, இவர் ஒரு வேலையைக் கண்டா ஆரையும் கேளாமல் இறங்குற ஆள். பார்த்துக்கொள்ளுங்கோ."

"நான் இருக்கிறன்தானே தங்கச்சி" என்றேன்.

முதல் வயலில் கோதுமையைக் கொட்டகைக்குள் மலைபோலக் குவித்திருந்தார்கள். அதன் ஓரத்தை இழுத்துவிட எங்கள் இருவரையும் ஃபோர்மன் அனுப்பினார். யோகன் குவியலுக்கு முன்னால் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறை இரண்டையும் மடித்து, சப்பாத்துக்கு ஒன்றாக உள்ளே வைத்தார். இரண்டையும் நேராகச் சேர்த்து வைத்தார். கோதுமையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினார். பத்து வருடமாக அந்தக் குவியலைச் சப்பாத்தோடு மிதித்தவன் நான். காலையில் திருநீறு பூசிக்கொண்டு போய் மிதித்திருக்கிறேன்.

ஃபோர்மன் கண்டுவிட்டுக் கத்தினார். என் வேலையில் சப்பாத்துக் காலில்தான் இருக்கும் என்றார். எங்கள் சனத்துக்குச் சாப்பாடு தெய்வம், அதன்மேல் செருப்போடு ஏறமாட்டோம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளக்கினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டார்.

"உங்கள் தெய்வத்துக்கு மரியாதை. இரும்புக்கு அது தெரியாது. போடச் சொல்" என்றார்.

யோகன் போட்டுக்கொண்டார். ஊரில் நல்லூர்க் கந்தனுக்குக் கொடி ஏறுகிற காலம், அவர் மரக்கறி விரதம். போலந்துக்காரர் அன்போடு நீட்டும் சொசேஜைக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுப்பார். அன்று பின்னேரம் காரவனில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு வாடிப்போய் இருந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை.

"அவர் நிக்காத இடத்தில கழட்டு. நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றேன்.

"மெய்யே அண்ணை?"

"ஓம். கடவுளுக்குத் தெரிஞ்சாக் காணும்."

நான் யோகனுக்குக் கொடுத்த தொழில் பயிற்சி இந்த ஒன்றுதான்.

சீசனின் கடைசியில் லிங்கன் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பண்ணையில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு இரும்புக் குதிர் நின்றது. அடியில் பெரிய திருகு ஒன்று உண்டு. அது சுழன்றால் கோதுமை வெளியே வந்து லொறிக்குள் விழும். கோதுமையில் கொஞ்சம் ஈரம் இருந்ததால் குதிருக்குள் மேற்பகுதி இறுகிக் கட்டிப்பட்டிருந்தது. இந்த இடத்தைப் பிள்ளைகள் கவனமாக வாசிக்கவேண்டும். மேலே தரை மாதிரித் தெரியும். கீழே இருந்து கோதுமை போனபிறகு நடுவில் வெறும் பொந்துதான் இருக்கும்.

ஃபோர்மனும் போலந்துக்காரரும் இரண்டு மைல் தள்ளி வயலில் நின்றார்கள். பத்து மணிபோல லொறி வந்தது. நிரப்புவதற்கு நானும் யோகனும். பாதி நிரம்பியதும் கோதுமை வருவது நின்றுவிட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்தித் திருகை நிற்பாட்டினேன். யோகனிடம் நீளக் கம்பைக் கொடுத்து, ஏணியில் ஏறி மேல்வாசலால் கம்பை விட்டுக் குத்தச் சொன்னேன்.

உள்ளே இறங்காதே என்று சொன்னேனா? பிறகு விசாரணையில், சொன்னேன் என்றேன். ஒன்பது வருடமாக நினைத்துப் பார்க்கிறேன். சொன்ன ஞாபகம் இல்லை.

அப்போது போன் அடித்தது. குதிருக்குப் பக்கத்தில் பேச்சு விட்டுவிட்டு வரும் என்பதால் கேற்றடிக்கு நடந்துபோனேன். ஃபோர்மன்தான். மேற்கே மழை தெரிகிறது, ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, லொறியை அனுப்பிவிட்டுப் பெட்டியோடு உடனே வா என்றார். எந்தப் பெட்டி, எந்தப் பாதை என்று பேசிமுடிக்கப் பத்து நிமிடம் போயிருக்கும்.

திரும்பி வந்தால் லொறிக்காரர் இறங்கி நின்று வானத்தைப் பார்க்கிறார். "இன்றைக்கா, நாளைக்கா?" என்று கேட்டார். துளி விழத் தொடங்கிவிட்டது. ஏணியில் யோகன் இல்லை. ஏணியடியில் அவருடைய சப்பாத்துக் கிடந்தது.

நான் அதைக் கண்டேன்.

கண்டதும் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதுகிறேன். குத்தி முடித்துவிட்டார், விரதக் களைப்பில் சப்பாத்தைக் கழற்றிப்போட்டுப் பெட்டிக்குக் கீழே சரிந்துவிட்டார் என்று நினைத்தேன். மத்தியானங்களில் அப்படிப் படுக்கிறவர்தான். சப்பாத்து நனையப்போகிறதே என்று குனிந்து எடுத்து, ட்ரக்டருக்குள் கொண்டுபோய் வைத்தேன். பெயரைக் கூப்பிட வாய் எடுத்தேன். பக்கத்தில் கோதுமை காயவைக்கிற காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. லொறிக்காரர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். "இப்ப நீங்களும் இடாப்போ அண்ணை?" என்று யோகன் சிரிப்பார் என்று ஒரு எண்ணம் வந்தது. வாயை மூடிக்கொண்டு பச்சையை அழுத்தினேன்.

கோதுமை வந்தது. அருமையாக வந்தது. நன்றாகத்தான் குத்தியிருக்கிறான் பொடியன் என்று சந்தோசப்பட்டேன். அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அரை நிமிடம் இருக்கும். தற்செயலாக ட்ரக்டருக்குள் பார்த்தேன். சப்பாத்துக்குள் காலுறை மடித்தபடி இருந்தது, சப்பாத்துக்கு ஒன்றாக. படுக்கப் போகிறவன் காலுறையை மடிக்கமாட்டான்.

ஓடிப்போய்ச் சிவப்பை அழுத்தினேன். எப்படி ஏணியில் ஏறினேன் என்று தெரியாது. உள்ளே கோதுமை நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தது. கம்பின் நுனி ஒரு சாண் அளவுக்கு வெளியே தெரிந்தது. வேறு ஒன்றுமில்லை. அப்போதுதான் அவருடைய பெயரைக் கூப்பிட்டேன். இரும்புக்குள் என் குரல்தான் சுற்றி வந்தது.

உள்ளே குதிக்கப் போன என்னை லொறிக்காரர் காலில் பிடித்து இழுத்தார். இல்லாவிட்டால் இரண்டு பேர். தீயணைப்புக்காரர் வந்து குதிரின் பக்கங்களை இரும்பு அறுக்கிற வாளால் வெட்டித் திறந்தார்கள். கோதுமை முழுதும் மழைக்குள் ஊற்றியது. முருகா, முருகா என்று அந்தச் சேற்றில் முழங்காலில் நின்றேன். அவரை எடுத்தபோது கால் வெறுங்கால். உள்ளங்காலில் சேறு இல்லை, கோதுமைத் தூள்தான்.

கம்பு எட்டவில்லை என்று உள்ளே இறங்கியிருக்கிறார். தானியத்தின் மேல் நிற்பதால் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். ஃபோர்மன் நிற்காத இடம். நான் அனுமதி கொடுத்த இடம்.

விசாரணைக்கு வந்த அதிகாரி, அவர் உள்ளே இருப்பதற்கு ஏதாவது அடையாளம் கண்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ட்ரக்டருக்குள் சப்பாத்து எப்படி வந்தது என்று கேட்டார். அவரே வைத்திருப்பார் என்றேன். ஃபோர்மன் பக்கத்தில் நின்றார். சப்பாத்தை எடுத்துப் பார்த்தார், காலுறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தான் போன் எடுத்து என்னைக் கூப்பிட்டது பிழை, அந்த இடத்தில் தான் இல்லாதது பிழை என்று தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தச் சீசனோடு வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்கு ஒரு கடிதம் போடவும் எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த வருடமும் நான் போனேன். போகாவிட்டால் ஏன் என்று ஆட்கள் கேட்பார்கள் என்ற பயத்தில் போனேன். ஒவ்வொரு முறையும் பெயர் கூப்பிட்டேன். ஒருநாள் மூன்று பெயரும் கூப்பிட்டு முடிய, வாய் தன்பாட்டில் யோகன் என்றது. எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றார்கள். அதோடு நான் அந்த வேலைக்குப் போகவில்லை.

லண்டனுக்குள் கதை வேறு மாதிரிப் பரவியது. சப்பாத்தைக் கழற்றிப்போட்டு மேலே படுத்திருக்கிறான், நித்திரையில் உருண்டு விழுந்துவிட்டான் என்றார்கள். கடைகளில் சொன்னார்கள், கோயில் வீதியில் சொன்னார்கள். அவருடைய மனைவிக்கும் அது போனது. நான் ஒரு இடத்திலும் மறுத்துச் சொல்லவில்லை. வருடா வருடம் திவசத்துக்குப் போவேன். அந்தத் தங்கச்சி எனக்கு முன்வரிசையில் பாய் போடுவார். ஐயர் கேட்டால், "இவரோட கடைசிவரைக்கும் நிண்ட அண்ணை" என்று சொல்லி அறிமுகம் செய்வார். பாயாசம் கொஞ்சம் கூடவே ஊற்றுவார். நான் குடிப்பேன்.

கோயில் வாசலில் சப்பாத்துத் தட்டைக் கடக்கும்போதெல்லாம் ஒரு எண்ணம் வரும். அங்கே ஒரு சோடி கிடந்தால் உள்ளே ஒரு ஆள் நிற்கிறது என்று அர்த்தம். நாலு வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். அந்த வெள்ளைக்கார லொறிக்காரருக்கு அது தெரிய நியாயமில்லை. அறுபது வருடம் கோயில் வாசலில் செருப்புக் கழற்றினவன் நான். அந்த இடத்தில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதைத்தான் நனையும் என்று எடுத்து ஒதுக்கி வைத்தேன்.

அந்த மூன்று பிள்ளைகளின் பேச்சைக் கேட்ட அடுத்த ஞாயிறு, எலிசபெத் லைன் பிடித்து இல்ஃபோர்ட்டுக்குப் போனேன். என் மனைவிக்கு முதல்நாள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் சுவாமி அறைக்குள் போய் நெடுநேரம் இருந்துவிட்டு வந்து, "போய்ச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

யோகனின் மனைவி கதவைத் திறந்து, தேத்தண்ணி போடப் போனார். வேண்டாம், முதலில் இதைக் கேளுங்கோ தங்கச்சி என்று இருத்திவிட்டு, உங்களுக்கு மேலே எழுதிய அத்தனையையும் சொன்னேன். கத்தரிக்காய் வெட்டிய பின்னேரத்தில் நான் சொன்னது முதல், விசாரணையில் சொன்ன பொய் வரைக்கும். அவர் அழவில்லை.

"சொக்ஸ் மடிச்சு வச்சிருந்தவரோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"உள்ளுக்கோ?"

"ஓம் தங்கச்சி. சப்பாத்துக்கு ஒண்டா."

"அப்ப அவர் நித்திரை கொள்ளேல்லை."

"இல்லை. வேலைதான் செய்துகொண்டு நிண்டவர்."

சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கேட்டார், "என்ர மூத்தவன், அப்பா வேலைத்தலத்தில படுத்த மனிசன் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறான். நீங்கள் ஒவ்வொரு வருசமும் வந்து அவனுக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டனீங்கள். ஒருநாளும் உங்களுக்கு வாயில வரேல்லையோ அண்ணை?"

தலையைக் குனிந்தேன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்ற சொல்லை இரண்டு முறை எடுத்தேன், வெளியே வரவில்லை.

அவர் எழுந்து கதவடிக்கு வந்தார். "இந்த முறை திவசத்துக்கு வரவேண்டாம்" என்றார். குரல் உயரவில்லை. "ஆனா அந்த மூண்டு பிள்ளையளுக்கும் சொல்லுங்கோ. என்னட்டைச் சொன்ன மாதிரியே, ஒண்டையும் விடாமல்."

அதனால்தான் இதை எழுதி முடித்தேன். பிள்ளைகளே, தானியத்தைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றுங்கள். அதற்கு ஒரு ஃபோர்மனும் குறுக்கே நிற்கமாட்டார். சப்பாத்தைக் கழற்றாதீர்கள். மழை வந்தாலும், லொறி நின்றாலும், ஆள் சிரித்தாலும், பெயரைக் கூப்பிட்டுப் பதிலைக் காதால் கேட்டபிறகு பொத்தானைத் தொடுங்கள். நனைந்த கோதுமை காயும்.

அந்த அதிகாரிக்கும், ஃபோர்மனுக்கும் இதன் இங்கிலீசுப் பிரதியை மகளைக்கொண்டு எழுதுவித்து அனுப்பப் போகிறேன். மிச்சத்தை முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இதை மற்றவர்களுக்கு அனுப்புகிறவர்கள், பாவம் வயது போன மனுசன் என்று இரங்கி எதையும் வெட்டிவிட வேண்டாம். நீளம் என்றால் நான் திருநீறு பூசினதையும் சேற்றில் முழங்காலில் நின்றதையும் வெட்டுங்கள் என்று சொல்ல நினைத்தேன். வேண்டாம், எதையும் தொடாதீர்கள். முக்கியமாக, ஏணியடியில் கிடந்ததை நான் கண்டேன் என்று தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். அந்த வரியை எடுத்துவிட்டால், யோகன் திரும்பவும் நித்திரையில் விழுந்தவனாகிவிடுவான்.